கிராஸ் வெட்டும் கேட்காமல் வைத்த பஞ்சும்

புதிதாகத் தையல் கடை போட்ட பிள்ளைகள் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தால், ஊற்றி வைத்த தேத்தண்ணி ஆறுவதற்குள் கேட்பது ஒரே கேள்விதான். "மாமி, கிராஸ் வெட்டு எப்பிடி வெட்டுற? ஒருக்காக் காட்டித் தாங்க."

காட்டிக் கொடுக்கிறேன். அரை மணித்தியாலத்தில் படித்துவிடலாம். துணியை நேராகப் போட்டு வெட்டாமல் மூலைக்கு மூலையாகத் திருப்பிப் போட்டு வெட்ட வேண்டும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு பிள்ளைகள் போனை எடுத்து நான் வெட்டியதைப் படம் பிடித்துக்கொண்டு, ஸலாம் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த வெட்டுக்குப் பின்னால் ஒரு மனுஷி இருந்தார் என்று ஒருவரும் கேட்டதில்லை. குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். வெட்டைப் படித்தேன், அந்த மனுஷியைப் படிக்கவில்லை. அதனால் ஒரு பெண்பிள்ளையின் நிக்காஹ் நாளை என் கையாலேயே கெடுக்கப் பார்த்தேன்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் சாய்ந்தமருதில் கடற்கரையோரம் இருந்த எங்கள் வீட்டிலும் பிறகு கல்முனை பஸாரிலும் முப்பது வருஷத்துக்கு மேல் பெண்களுக்கு உடுப்புத் தைத்தவள் நான். இப்போது ஊசியில் நூல் கோர்க்கப் பேத்தியைக் கூப்பிட வேண்டியிருப்பதால் நிறுத்திவிட்டேன். வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் பெயர். கை சுத்தம் என்றும் பெயர் உண்டு. இரண்டையும் நான் மறுக்க மாட்டேன்.

சுனாமியில் வீடும் போனது, மெஷினும் போனது. என் பிள்ளைகள் தப்பினார்கள், அல்ஹம்துலில்லாஹ். பக்கத்து வீட்டில் தப்பவில்லை. இரண்டு மூன்று மாதம் கழித்து, ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் தையல் வகுப்பு நடக்கிறது, வகுப்புக்கு வந்தால் மெஷின் கொடுப்பார்கள் என்று சொன்னார்கள். எனக்குச் சரியான கோபம். ஊரில் பாதிப் பெண்களுக்குக் கல்யாண உடுப்புத் தைத்தவள் நான், எனக்கு யார் தையல் படிப்பிக்கிறது? ஆனாலும் மெஷின் வேண்டுமே. போனேன்.

படிப்பிக்க வந்தது பிரான்சிலிருந்து ஒரு பெண்பிள்ளை. இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். எலும்பும் தோலுமாக இருந்தது. அது இங்கிலீஷில் சொல்ல, காரைதீவிலிருந்து வந்த ஒரு டீச்சர் தமிழில் சொல்லுவார். முதல் நாளே அந்தப் பிள்ளை தன் பையிலிருந்து கை துடைக்கிற ஒரு லேஞ்சியை எடுத்து, விளிம்பைப் பிடித்து நேராக இழுத்துக் காட்டியது. துணி அசையவில்லை. பிறகு மூலைக்கு மூலை பிடித்து இழுத்தது. துணி ரப்பரைப் போல நீண்டது. நான் பக்கத்தில் இருந்தவளிடம், "இதென்ன பெரிய வித்தையா, லேஞ்சியப் புழியக்குள்ள நாம காணாததா?" என்று கேட்டுச் சிரித்தேன். அந்தப் பிள்ளைக்குத் தமிழ் தெரியாது, ஆனால் சிரிப்புத் தெரியும். அதுவும் சிரித்தது. பிறகு ஒரு பாரமான படப் புத்தகத்தை என் மடியில் கொண்டுவந்து வைத்தது.

அந்தப் புத்தகம் முழுக்க ஒரே ஆளின் உடுப்புகள். பிரான்சில் நூறு வருஷத்துக்கு முன்னால் வாழ்ந்த ஒரு தையல்காரி. பெயரை எத்தனை தரம் சொல்லிக் கொடுத்தாலும் என் வாய்க்குள் நுழையவில்லை. நாங்கள் பிரான்ஸ்காரி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அந்தக் காலத்தில் அங்கே பெண்கள் இடுப்பை இறுக்கி எலும்புப் பட்டி வைத்த கச்சு கட்டித்தான் உடுப்பு உடுத்தினார்களாம். உடுப்பு ஒரு அச்சு, உடம்பை அதற்குள் திணிக்க வேண்டும். இந்த மனுஷி கச்சை வேண்டாம் என்றார். துணியைக் கோணலாகத் திருப்பி வெட்டி, உடம்பு எப்படி இருக்கிறதோ அதன் மேலேயே வழியவிட்டார். காகிதத்தில் படம் கீறி வெட்டவில்லை. ஒரு சின்ன மரப் பொம்மையில் துணியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துத்தான் வெட்டினாராம். தன் உடுப்பை மற்றவர்கள் களவாகப் பார்த்து அதேபோல் தைக்கிறார்கள் என்று ஒவ்வொரு உடுப்பின் பெயர்த் துண்டிலும் தன் கட்டைவிரல் ரேகையைப் பதித்துவிட்டாராம். அதைக் கேட்டு வகுப்பே சிரித்தது. எங்களுக்குக் கைநாட்டு என்றால் கையெழுத்துப் போடத் தெரியாதவர் வைப்பது. பெரிய மனுஷி பெருமைக்கு வைத்தார் என்றால் நம்பக் கஷ்டமாக இருந்தது.

ஒருநாள் அவருடைய வாழ்க்கையைச் சொன்னது அந்தப் பிள்ளை. ஏழை வீட்டில் பிறந்து, சின்ன வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டுத் தையலுக்குப் போனவர். இளம் வயதிலேயே கல்யாணம். ஒரு பெண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தை இறந்துபோனது. அந்த இடத்தில் காரைதீவு டீச்சர் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டார். மண்டபத்தில் இருந்த முப்பது பேரில் எத்தனை பேர் பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தவர்கள் என்று அவருக்குத் தெரியும். பிரான்ஸ் பிள்ளைக்கும் அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும், முகம் வெளுத்துப் போயிற்று. பின்வரிசையில் இருந்த ஒருத்தி, இரண்டு பிள்ளைகளைக் கொடுத்தவள், பிறகு என்ன நடந்தது என்று மெதுவாகக் கேட்டாள்.

"மறுகா அவ என்ன செஞ்சாவாம்?"

டீச்சர் கேட்டுச் சொன்னார். "மறுகா வேற நாட்டுக்குப் போய், ஒரு ஆஸ்பத்திரியில தெச்சாவாம். மறுகா திரும்பி வந்தும் தெச்சாவாம்."

அவள் தலையை ஆட்டிவிட்டு மெஷினில் காலை வைத்தாள். அன்றைக்கு அந்த மண்டபத்தில் கேட்டது மெஷின் சத்தம் மட்டும்தான்.

இன்னொன்றும் சொன்னது அந்தப் பிள்ளை. அந்தக் காலத்தில் தையல் பெண்களை ஸ்டூலில்தான் இருத்துவார்களாம். பிரான்ஸ்காரி தன் கடைப் பெண்களுக்குச் சாய்ந்து இருக்கிற கதிரை கொடுத்தார், லீவு கொடுத்தார், மருந்தெடுக்க டொக்டரை வைத்தார். நான் பஸாரில் கடை போட்டபோது என்னிடம் வேலைக்கு வந்த மூன்று பேருக்கும் முதுகு சாய்க்கிற கதிரைதான் வாங்கினேன். பக்கத்துக் கடைக்காரர், "இதென்ன பேங்கா?" என்று நக்கலடித்தார். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கிராஸ் வெட்டை நான் வேகமாகப் பிடித்துக்கொண்டேன். முதல் உடுப்பிலேயே பிழையும் விட்டேன். பள்ளிக்கூட அதிபர் ஒருவருடைய மனைவிக்கு வெட்டித் தைத்து, அன்றைக்கே அடி விளிம்பை மடித்துக் கொடுத்துவிட்டேன். கோணலாக வெட்டிய துணி தொங்கத் தொங்க இறங்கும், ஒரு நாளாவது தொங்கப் போட்டுவிட்டுத்தான் அடி மடிக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளை படித்துப் படித்துச் சொல்லியிருந்தது. இரண்டு நாளில் உடுப்பின் ஒரு பக்கம் தரையைக் கூட்டியது. அந்த அம்மா அந்த உடுப்போடேயே கடை வாசலில் வந்து நின்றார். அதைவிட ஏசியிருக்கலாம். அதிலிருந்து பொறுத்திருக்கப் படித்தேன்.

பெயரும் வந்தது. அக்கரைப்பற்றிலிருந்தும் துணியைச் சுருட்டிக்கொண்டு வந்தார்கள். நான் ஒரு தச்சரைப் பிடித்து ஒரு முழ உயரத்தில் மரப் பொம்மை ஒன்று செய்வித்து, அதில் வைத்துப் பார்த்துத்தான் வெட்டினேன். பிரான்ஸ்காரியின் வாரிசு நான்தான் என்று ஒரு மிதப்பு.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

நம் தொழிலில் ஒரு பழக்கம் இருக்கிறது. தையல் கடை போட்ட உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அளவு எடுக்கும்போது ஒரு தோள் மற்றத் தோளைவிட இறங்கியிருந்தால், வாயைத் திறக்க மாட்டோம். இறங்கிய பக்கத்தில் லைனிங்குக்குள் கொஞ்சம் பஞ்சை வைத்துத் தைத்துவிடுவோம். உடுப்பு நேராக நிற்கும். உடுத்தவருக்கு ஏன் என்று தெரியாது, நல்லாகத் தைத்திருக்கிறாள் என்று சொல்லுவார். சொல்லாமல் செய்வதுதான் மரியாதை என்று நினைத்தோம். நான் எத்தனை பேருக்கு அப்படி வைத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் பஸ்மியா என்ற பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அதன் உம்மா வந்தார். வாப்பா இல்லாத பிள்ளை. பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறது. மருதமுனையில் தறிக்காரக் குடும்பம் ஒன்றில் மாப்பிள்ளை பேசி முடிந்திருந்தது. எங்கள் பக்கத்தில் பல குடும்பங்களில் உள்ள வழக்கம்போல, நிக்காஹ் அன்றைக்குப் பெண் உடுக்கிற உடுப்பு மாப்பிள்ளை வீட்டிலிருந்து வரும். மாப்பிள்ளையின் உம்மாவும் சகோதரிகளும் வந்து பெண்ணை உடுத்திவிடுவார்கள். இவர்கள் கடையில் வாங்கவில்லை. தங்கள் தறியில் நெய்த துணியை அனுப்பியிருந்தார்கள். பால் வெள்ளை, ஓரத்தில் மெல்லிய பச்சைக் கரை. கையில் எடுத்ததுமே தெரிந்தது, நெய்தவர் அவசரப்படாமல் நெய்திருக்கிறார்.

பிள்ளை மேலே போட்டிருந்த அபாயாவைக் கழற்றிவிட்டு அளவுக்கு நின்றது. அப்போதுதான் கண்டேன். முதுகெலும்பு பிறவியிலேயே வளைந்து, இடது தோள் வலது தோளைவிட நன்றாக இறங்கியிருந்தது. கொஞ்சநஞ்சம் இல்லை, கண்ணுள்ள யாருக்கும் தெரியும். நான் பேசாமல் அளவை எழுதினேன். உம்மாதான் என்னை ஒதுக்குப்புறமாக இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னார். முதலில் ஒரு சம்பந்தம் பேசி, பெண் பார்க்க வந்த பொம்பிளைகள் தோளைக் கண்டுவிட்டு, பிறகு ஆள் அனுப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். பிள்ளை ஒரு கிழமை சாப்பிடவில்லை. அதனால் மருதமுனைக்காரர் வந்தபோது பெரிய அபாயாவும் சால்வையுமாகத்தான் இருத்தியிருக்கிறார்.

"அவங்களுக்குத் தெரியாது ராத்தா. நிக்காஹ் முடியுமட்டும் தெரியப்படாது," என்றார்.

மறுநாள் பிள்ளை தனியாக வந்தது. மேசைக்கு முன்னால் நின்று நகத்தைக் கடித்துவிட்டுச் சொன்னது. "மாமி, உம்மாக்குத் தெரியாது. நான் அவருக்குப் போன்ல சொல்லிட்டேன்."

"யா அல்லாஹ். என்ன சொன்னாரு?"

"சிரிச்சாரு. தனக்குக் குறட்டை இரிக்கி, அதையும் இப்பவே சொல்லிப்போட்டேன், மறுகா கொற சொல்லப்படாது எண்டாரு."

எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. அந்தப் பிள்ளைக்கு ஒரு ஆசைதான் இருந்தது. அந்த ஒரு நாளில் தான் எப்படியோ அப்படியே நிற்க வேண்டும். மறைத்துக்கொண்டு நிக்காஹுக்கு இருக்க அதற்கு மனமில்லை.

நான் மரப் பொம்மையை எடுத்து, அதன் இடது தோளைக் கத்தியால் சீவி இறக்கினேன். தறித் துணியின் கரையைப் பார்க்கப் பார்க்கக் கை வரவில்லை. நேராக நெய்த கரையைக் கோணலாக வெட்டுவதென்றால், தறிக்காரர் மனம் என்ன பாடுபடும்? பிஸ்மி சொல்லி வெட்டினேன். இரண்டு நாள் தொங்கவிட்டேன். அடியைப் பொம்மையில் இல்லை, பிள்ளையை நிற்க வைத்து அதன் உடம்பில் மட்டம் பார்த்தே மடித்தேன். பிள்ளைகளே, உடுப்பு அழகாக விழுந்தது. உயர்ந்த தோளிலிருந்து மடிப்புகள் இறங்கிய தோளை நோக்கி ஓடி, அப்படியே இடுப்பைச் சுற்றிக் கீழே போயின. எந்தத் தோள் சரி எந்தத் தோள் பிழை என்று கேட்கவே தோன்றவில்லை. பஸ்மியா கண்ணாடியின் முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, "இது என்னப் போலவே இரிக்கி மாமி," என்றது. என் தொழில் வாழ்க்கையில் அதைவிட நல்ல சொல் எனக்குக் கிடைத்ததில்லை.

நிக்காஹுக்கு முதல் நாள் பின்னேரம் உம்மா வந்தார். உடுப்பைப் பார்த்தார். கதிரையில் விழுந்து அழுதார். "தோள் தெரியுதே ராத்தா. அவங்களே வந்து உடுத்திவிடப் போறாங்க. என்ட புள்ளைய ரெண்டாம் தரமும் வேணாம் எண்டு சொன்னா நான் என்ன செய்வேன்? கொஞ்சம் பஞ்சு வெச்சுத் தாங்க. உங்கட காலப் புடிக்கேன்."

மாப்பிள்ளைக்குத் தெரியும் என்று சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. பிள்ளை என்னை நம்பிச் சொன்னது, அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. வைக்க மாட்டேன் என்றாவது சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லவில்லை. ஒரு தாய் அழும்போது இல்லை என்று சொல்வது பெரிய கஷ்டம். ஆனால் உண்மையைச் சொன்னால் அழுகை மட்டும் காரணமில்லை. பஞ்சு வைப்பது என் கைக்குப் பழகிய வேலை. பெரிய பிழை என்றே எனக்குப் படவில்லை. லைனிங்கைப் பிரித்து, இடது தோளில் இரண்டு விரல் தடிப்புக்குப் பஞ்சை வைத்துத் தைத்துக் கொடுத்தேன். பொம்மையில்கூடப் போட்டுப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டுக் கல்யாண வீட்டுக்குப் போனேன். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ். மாப்பிள்ளை வீட்டார் வந்து உடுத்திவிடுவதற்கு முன்னால் ஒருக்காப் போட்டுப் பார்க்க, அறைக்குள் பிள்ளை உடுப்பைப் போட்டது. பஞ்சு தோளைத் தூக்கியதில் இடது பக்கம் முழுக்க மேலே ஏறிவிட்டது. அடி நாலு விரல் தூக்கிக்கொண்டு நின்றது. மடிப்புகள் பாதி வழியில் முறுகிப்போய், உடுப்பு வேறு யாருக்கோ தைத்ததுபோல் இருந்தது. நேர் வெட்டாக இருந்தால் ஒரு விரல் ஏறியிருக்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். இந்த வெட்டு பொய்யைத் தாங்காது. அந்த உடம்புக்கென்று வெட்டினால் அந்த உடம்புக்குத்தான் நிற்கும்.

பஸ்மியா கண்ணாடியைப் பார்த்தது. "மாமி, இது அண்டைக்குப் போட்ட உடுப்பா?"

உம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குத் தலை வேலை செய்தது. இடது பக்கம் அடியை இறக்கலாமென்றால் மடிப்புக்குள் துணி இல்லை. வலது பக்கத்தை வெட்டி ஏற்றினால் கணுக்கால் தெரியும், பிறகு திருத்தவே முடியாது. சும்மா கரையைப் பிடித்து இழுத்து, ஸ்திரிக்கைப் பெட்டி கேட்டு, அதையும் இதையும் செய்து கொஞ்ச நேரம் போக்கினேன். நம் தொழிலில் பதற்றம் வந்தால் நாம் முதலில் செய்வது அதுதான், கைக்கு ஒரு வேலை கொடுப்பது. அப்படிக் கொடுத்து நான் கால் மணித்தியாலத்தை வீணாக்கினேன். வெளியே வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை வீட்டார்.

அப்போதுதான் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். "மகள், பஞ்சு வெச்சிட்டேன்."

"ஆரக் கேட்டு வெச்ச?"

சத்தம் போடவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டதுபோல் இருந்தது. பிள்ளையை இருத்தி, தோளில் தையலைப் பிரிக்கத் தொடங்கினேன். உம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்தார். "வேணாம் ராத்தா, இப்ப வேணாம்." நான் கையை விடுவித்துக்கொண்டேன். பஞ்சு முழுவதும் வெளியே வந்து என் உள்ளங்கையில் இருந்த நேரம் கதவைத் திறந்துகொண்டு மாப்பிள்ளையின் உம்மா வந்துவிட்டார்.

கட்டையான மனுஷி. கையில் பூவும் நகைப் பெட்டியும் வைத்த தட்டம். பின்னால் அவருடைய மகள்மார். அவர் என் கையைப் பார்த்தார், பிரிந்து கிடந்த தோளைப் பார்த்தார். மகள்மாரிடம், "நீங்க வெளிய நில்லுங்க," என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

"என்ன இது?"

"பஞ்சு," என்றேன். "நான் வெச்ச. புள்ளைக்குத் தெரியாது."

"இல்ல, இல்ல," என்று பஸ்மியாவின் உம்மா முன்னுக்கு வந்தார். "நான்தான் அழுது வெப்பிச்ச. அவங்கள ஏசாதீங்க. என்ட புள்ளையையும் ஒண்டும் சொல்லாதீங்க."

பஸ்மியா எழும்பி நின்றது. ஒரு கையால் பிரிந்த தோளைப் பிடித்துக்கொண்டு, நேராக அவரைப் பார்த்துச் சொன்னது. "மாமி, எனக்கு இந்தப் பக்கம் எறக்கம். பொறந்ததிலிருந்தே அப்பிடித்தான். உங்கட மகனுக்குச் சொல்லியிரிக்கேன். உங்களுக்கு ஆரும் சொல்லல்லப் போல. இப்ப சொல்றேன்."

இந்த மனுஷி இப்போது தட்டத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனால் முடிந்தது. அவர் போகவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, தட்டத்தைப் பக்கத்தில் வைத்தார்.

"பஞ்ச முழுக்க எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு."

"அப்ப தெச்சி உடுங்க, பாப்பம்."

உடம்பில் வைத்தபடியே தைத்தேன். அவசரத்தில் ஊசி என் விரலிலேயே ஏறியது. வெள்ளைத் துணியில் இரத்தம் பட்டுவிடக்கூடாது என்று விரலை வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு மீதியைத் தைத்தேன். நூலை அறுத்துவிட்டுப் பின்னால் வந்தேன். துணி மெதுவாக இறங்கித் தன் இடத்துக்கு வந்தது. மடிப்புகள் திரும்பவும் ஓடின. அடி மட்டமாக நின்றது.

மாப்பிள்ளையின் உம்மா எழும்பி அந்தப் பிள்ளையை ஒரு தரம் சுற்றி வந்தார். பிறகு நிலத்தில் குந்தி, கரையைப் பிடித்துப் பார்த்தார்.

"நாங்க நேரா நெய்ஞ்ச துணி இது. கோணலா வெட்டியிரிக்கீங்க."

"ஓம்."

"என்னத்துக்கு?"

"நேரா வெட்டினா துணி புள்ளைய இழுத்துப் புடிக்கும். இப்பிடி வெட்டினா புள்ளையோட போகும்."

"ஆரு படிப்பிச்ச?"

"பிரான்ஸ்ல ஒரு தையல்காரி. முந்தின காலத்து ஆள். இப்ப இல்ல."

அவர் கரையைத் தடவிப் பார்த்தார். "அவ பஞ்சு வெப்பாவா?"

"வெக்க மாட்டா," என்றேன். சொல்லும்போதுதான் எனக்கே அது உறைத்தது. இத்தனை வருஷம் அந்த மனுஷியின் பெயரை வைத்துத் தொழில் செய்தேன். உடம்பைத் திருத்தாதே, துணியைத் திருப்பு என்பதுதான் அவர் செய்ததெல்லாம். நான் துணியைத் திருப்பி வெட்டிவிட்டு, உடம்பையும் திருத்திக்கொண்டே இருந்திருக்கிறேன்.

அவர் எழும்பிப் போய்க் கதவைத் திறந்தார். "வாங்க புள்ளையள், மதினிக்கு மாலையப் போடுங்க. நேரமாகுது," என்றார். மகள்மார் சிரித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். யாரோ அத்தரைத் தெளித்தார்கள். பஸ்மியாவின் உம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார், அது வேறு அழுகை. பஸ்மியா இப்போது மூன்று பிள்ளைகளுக்குத் தாய். மாப்பிள்ளையின் குறட்டை உண்மைதான் என்று எனக்குச் சொல்லியிருக்கிறது.

இந்த இடத்தில் நிறுத்தினால் உங்களுக்கு என்னைப் பற்றி நல்ல எண்ணம்தான் வரும். கடைசி நேரத்தில் உண்மையைச் சொல்லிவிட்டாள், சமாளித்துவிட்டாள் என்பீர்கள். நிறுத்த எனக்கு மனம் ஒப்பவில்லை.

கத்தரிக்கோலையும் ஊசிப் பெட்டியையும் பைக்குள் போட்டுக்கொண்டு நான் வெளியே வந்தேன். மாப்பிள்ளையின் உம்மா நடையில் தனியாக நின்றார். ஸலாம் சொன்னேன். பதில் சொல்லிவிட்டுக் கேட்டார். "என்னைய உங்களுக்கு ஞாபகமில்ல என்ன?"

பார்த்தேன். எனக்கு ஞாபகம் வரவில்லை.

"என்ட மூத்த மகள்ற கலியாணத்துக்கு உங்கட கடையிலதான் எனக்குச் சட்ட தெப்பிச்சேன். எல்லாரும் நல்லாரிக்கி எண்டாங்க. எனக்கும் சரியான சந்தோசம். மறுகா கழுவக்குள்ள ஒரு பக்கத் தோள்ல கட்டியா என்னமோ கையில தட்டுப்பட்டிச்சி. பிரிச்சுப் பாத்தா பஞ்சு." அவர் அபாயாவுக்கு மேலாகத் தன் வலது தோளைத் தொட்டுக் காட்டினார். "சின்ன வயசிலிருந்து தறியில நாடாக் கயிறு இழுத்த தோள். எறங்கியிரிக்கி எண்டு அண்டைக்குத்தான் எனக்குத் தெரியும். அதுவரைக்கும் ஆரும் சொல்லவுமில்ல, நான் பாக்கவுமில்ல."

மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துத் தட்டிக் கொடுத்தார். கோபம் ஒன்றும் இருக்கவில்லை.

"சட்ட நல்ல சட்டதான்," என்றார். "மறுகா நான் அத உடுக்கல்ல."